அக்கரை சென்று படிக்கும் பிள்ளைகள்



சென்ற மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, பாவசங்கீர்த்தனம் கேட்டு முடித்துப் பங்கு இல்லத்துக்குத் திரும்பினோம். தாழ்வாரத்தில் மூவர் காத்திருந்தனர். பதினோராம் வகுப்பில் படிக்கும் ஒரு பெண், அவளுடைய தந்தை, தந்தையைப் பெற்ற தாயார். தந்தை துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டுபவர். எண்ணூர் நெடுஞ்சாலையில் வண்டிகளின் வரிசையில் இரவெல்லாம் நின்றுவிட்டு, வீட்டில் முகம் மட்டும் கழுவிக்கொண்டு வந்திருந்தார் என்பதை அவர் கண்களே சொல்லின. பெண்ணின் கையில் ஒரு பழுப்பு நிறக் காகித உறை இருந்தது. அதைக் கொடுத்துவிட்டு அவள் சுவரோரம் ஒதுங்கி நின்றுகொண்டாள்.

உறைக்குள் இருந்தது ஒரு விண்ணப்பம். தேர்வு பெற்றால் அவள் பத்து மாதம் ஜப்பான் நாட்டில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் படிப்பாள். ஒரு ஜப்பானியக் குடும்பத்தில் அவ்வீட்டுப் பிள்ளையைப் போலத் தங்குவாள். போக்குவரத்து, கல்விச் செலவு எல்லாம் உதவித்தொகையில் அடங்கும். தந்தை கையெழுத்திட வேண்டும். அவளை அறிந்த ஒருவர் நற்சான்று தரவேண்டும். நற்சான்றுக்காகத்தான் நம்மிடம் வந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பேனாவை எடுத்தோம். பாட்டி தடுத்தார்.

“கொஞ்சம் இரு சாமி. ஜப்பான்காரனாமே! அவன் வர்றான்னு பயந்துதான் எங்கம்மா கைப்புள்ளயத் தூக்கிக்கிட்டுப் பொன்னேரிக்கு நடந்தாங்க. இப்ப நாமளே பொண்ணக் கொண்டுபோய் அவன் வீட்ல விடுறதா?”

தந்தையின் கேள்வி வேறு. “அனுப்ப மனசு இல்லாம இல்ல ஃபாதர். அங்க ஏதாவது ஒண்ணு ஆயிடுச்சுன்னா, நான் யார்கிட்டப் போய்க் கேக்கறது?”

இரண்டும் வெறுங்கேள்விகள் அல்ல. ஒரு கிழமை அவகாசம் கேட்டுக்கொண்டு அவர்களை அனுப்பினோம். அந்த ஒரு கிழமையில் நாம் தேடிப் படித்ததையும், குருமடத்தில் கற்று மறந்துபோய் மீண்டும் நினைவுக்குக் கொணர்ந்ததையும் இம்மாத ஏட்டில் உங்கள் முன் வைக்கிறோம். நம் பகுதியில் இத்தகைய உறைகள் இனி இன்னும் சில வீடுகளுக்கு வரும் என்றே தோன்றுகிறது.

பாட்டியின் அச்சத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். அது கட்டுக்கதையன்று. 1942 ஏப்ரலில் ஜப்பானியக் கப்பற்படை வங்கக் கடலில் உலவியபோது சென்னை மாநகரமே காலியாயிற்று. அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. வேலியை மீறி ஊருக்குள் வந்துவிடுமோ என்று அஞ்சி உயிர்க்காட்சிச் சாலையின் கொடிய விலங்குகள் சுட்டுக் கொல்லப்பட்டன. இராயபுரத்திலும் காசிமேட்டிலும் இருந்தவர்களுக்கு இரயிலில் இடம் கிடைத்தால் இரயில், இல்லையேல் கால்நடை. மறு ஆண்டு 1943 அக்டோபரில் ஒற்றை ஜப்பானிய விமானம் இரவில் வந்து துறைமுகப் பகுதியில் குண்டு வீசிச் சென்றது. சேதம் சிறிது, திகில் பெரிது. அந்தத் திகில் தாயிடமிருந்து மகளுக்கு வந்து, அன்று மாலை நம் தாழ்வாரம் வரை வந்துவிட்டது.

அதே கடற்கரையில்தான் 2001இல் எண்ணூர்த் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. 2014 முதல் அதற்குக் காமராசர் பெயர். 2010 முதல் நிசான் கார்கள் அங்கே அணிவகுத்துக் கப்பலேறத் தொடங்கின. எண்ணூர் அசோக் லேலண்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களைக் கேட்டால், எண்பதுகளில் ஜப்பானின் ஹினோ நிறுவனத்து என்ஜின் நுட்பம் வந்த கதையைச் சொல்வார்கள். சரக்கும் யந்திரமும் வந்து போவதைப் பற்றி ஒருவரும் அஞ்சுவதில்லை. பிள்ளை போகிறாள் என்றால்தான் அடிவயிறு கலங்குகிறது. அது நியாயமே.

ஆனால் பாட்டிக்கு நாம் சொல்ல விரும்பியது இதைவிடப் பழைய கதை. நமக்கும் ஜப்பானுக்கும் இடையே நடந்த மாணவப் போக்குவரத்து குண்டு வீச்சுக்கு ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் முற்பட்டது. அதைத் தொடங்கிவைத்தவர் நம் புனித சவேரியார்.

1547 டிசம்பரில் மலாக்காவில் சவேரியாரைத் தேடி ஒரு ஜப்பானியர் வந்தார். அவர் பெயர் அஞ்சிரோ. ககோஷிமா பகுதியினர், சொந்த ஊரில் ஒருவரைக் கொன்றுவிட்டுப் போர்ச்சுக்கீசியக் கப்பலில் ஏறித் தப்பியவர். மனச்சாட்சியின் உறுத்தலுக்கு மருந்து தேடி வந்தவரைச் சவேரியார் கோவாவிலுள்ள புனித பவுல் கல்லூரிக்கு அனுப்பினார். வேறு இரு ஜப்பானியரும் அவருடன் சென்றனர். 1548ஆம் ஆண்டு பெந்தகோஸ்து திருநாளில் கோவா ஆயர் அம்மூவருக்கும் ஞானஸ்நானம் அளித்தார். எட்டே மாதத்தில் அஞ்சிரோ போர்ச்சுக்கீசிய மொழியைப் பேசவும் படிக்கவும் எழுதவும் கற்றுக்கொண்டதைக் கண்டு சவேரியார் வியந்தார். இந்திய மண்ணில் ஜப்பானிய மாணவர்கள் தங்கிப் படித்ததற்கு நாம் அறிந்த முதல் செய்தி இது.

அதே கல்லூரியில் நம்மவரும் படித்தனர் என்பதைப் பலர் அறியார். 1542இல் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு முதன்முதலாகக் கிளம்பியபோது, கோவாவில் கற்ற அக்கரையோரத்துத் தமிழ் இளைஞர் மூவர் அவருக்குத் துணையாகவும் துபாஷிகளாகவும் உடன் வந்தனர். அவர்கள் இல்லையேல் தூத்துக்குடியில் அவர் வாய் திறந்திருக்க முடியாது.

படிப்பென்றால் செலவு உண்டு; செலவென்றால் கொடுப்பவர் ஒருவர் வேண்டும். 1549இல் சவேரியார் ஜப்பானுக்குப் புறப்பட்டபோது அந்தப் பயணத்துக்கு உதவித்தொகை வழங்கியவர் மலாக்காவின் போர்ச்சுக்கீசியத் தளபதி. அவர் வாஸ்கோ ட காமாவின் மகன். கொடுத்தது பணமன்று, 30 பாரம் முதல்தர மிளகு! அதை ஜப்பானில் விற்றுச் செலவுக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார். ஏறிச் சென்ற கப்பலோ ‘கள்ளன்’ என்று பட்டப்பெயர் பெற்ற ஒரு சீன மாலுமியுடையது. அஞ்சிரோவும் அவருடைய தோழர் இருவரும் அதில் இருந்தனர். அமதோர் என்னும் மலபார் இளைஞர் ஒருவரும் இருந்தார். ஆகஸ்டு 15, தேவமாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று, ககோஷிமாவில் கரையேறினர். மிளகு, கள்ளன் கப்பல், கொலைப்பழி சுமந்த ஒரு மாணவர்: தேர்வுக்குழு எதுவும் இந்த விண்ணப்பத்துக்கு இன்று ஒப்புதல் தராது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. பிறமொழியில் ஒரு சொல் தவறினால் என்ன ஆகும் என்பதைச் சவேரியார் இருமுறை கண்டார். முத்துக்குளித்துறையில் விசுவாசப் பிரமாணத்தைத் தமிழில் பெயர்த்தவர்கள் ‘விசுவசிக்கிறேன்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்று எழுதிவிட்டனர். பல மாதங்கள் மக்கள் கடவுளை விசுவசிக்காமல், ‘வேணும்’ என்று கேட்டுக்கொண்டிருந்தனர்! 1544இல் தம் உடன் உழைப்பாளருக்குக் கடிதம் எழுதி அதைத் திருத்தச் சொன்னார் சவேரியார். (நம் பங்கில் இன்றும் சிலர் அந்தப் பழைய பாடத்தையே சொல்லிவருகிறார்களோ என்ற ஐயம் நமக்கு உண்டு.) ஜப்பானில் நடந்தது இன்னும் பெரிது. கடவுளைக் குறிக்க அஞ்சிரோ தேர்ந்து கொடுத்த ‘தைநிச்சி’ என்ற சொல் அந்நாட்டில் ஒரு புத்தரின் பெயர். இரண்டு ஆண்டுகள் தெருத்தெருவாக அப்பெயரைப் போதித்த பின்னரே சவேரியாருக்கு அது தெரிந்தது. அன்று முதல் ‘தேயுஸ்’ என்ற இலத்தீன் சொல்லையே வழங்கினார். எட்டு மாதத்தில் மொழி கற்ற கெட்டிக்கார மாணவனிடமும் அத்தனை பெரிய பள்ளம் இருந்தது. ஒருவர் வீட்டில் இருந்து உண்டு, உறங்கி, கோபித்து, சமாதானமான பிறகே அவர் சொல்லின் பொருள் நமக்கு எட்டுகிறது.

நிற்க. நம் காலத்துக்கு வருவோம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது அமெரிக்கப் படை உலகெங்கும் விட்டுச்சென்ற வண்டிகளும் தளவாடங்களும் மலைமலையாகக் கிடந்தன. ஆர்கன்சாஸ் மாநிலத்து செனட்டர் ஃபுல்பிரைட் ஒரு யோசனை சொன்னார்: அவற்றை அந்தந்த நாட்டிலேயே விற்று, வரும் பணத்தில் மாணவர்களையும் ஆசிரியர்களையும் நாடு விட்டு நாடு அனுப்புவோம். 1946 ஆகஸ்டு முதல் நாள் அது சட்டமாயிற்று. இந்தியாவுடன் 1950 பிப்ரவரி 2ஆம் நாள் ஒப்பந்தம் ஆயிற்று; நேருஜி கையெழுத்திட்டார். பகைவனாயிருந்த ஜப்பானுடன் 1951இல் ஒப்பந்தம். மறு ஆண்டே மாணவர் கப்பலேறினர். ஹிரோஷிமா மீதும் நாகசாகி மீதும் அணுகுண்டு விழுந்து ஏழாண்டுகூட நிறையவில்லை என்பதை எண்ணிப் பாருங்கள். நாகசாகியில் ஊராக்காமி ஆலயப் பங்கில் இருந்த ஏறத்தாழ 12,000 கத்தோலிக்கரில் 8,500 பேர் மாண்டனர். அத்தகைய நாட்டின் இளைஞர், குண்டு வீசிய நாட்டுக்குப் போய், அந்நாட்டார் பணத்தில் படித்தனர்.

ஜப்பானியர் அக்கடனை மறக்கவில்லை. ஃபுல்பிரைட் திட்டத்தின் ஐம்பதாண்டு நிறைவை ஒட்டி ஜப்பானிய அரசு தன் செலவில் அமெரிக்கப் பள்ளி ஆசிரியர்களை அழைக்கத் தொடங்கியது. 1997 முதல் 2008 வரை ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் மும்மூன்று வாரம் ஜப்பானில் தங்கிப் பள்ளிகளையும் வீடுகளையும் கண்டு திரும்பினர். மாணவர்களை விடுத்து ஆசிரியர்களை அழைத்தது விவேகம் என்போம். ஒரு மாணவன் போய் வந்தால் ஒரு வீட்டில் கதை சொல்வான். ஓர் ஆசிரியை போய் வந்தால் முப்பது ஆண்டுகள் வகுப்பு வகுப்பாகச் சொல்வாள். நம் அரசும் 2008 முதல் ஃபுல்பிரைட் செலவில் சரிபாதியை ஏற்றது. அதனால் அத்திட்டத்தின் பெயரில் நேருவும் சேர்ந்தார்.

அமெரிக்க, ஜப்பானியப் பள்ளிகளுக்கு இடையே நல்கை வழங்கும் அறக்கட்டளைகளில் பெரியது ஒன்று உண்டு. அமெரிக்க–ஜப்பான் அறக்கட்டளை என்ற பெயரில் 1980இல் தொடங்கப்பட்டது. மூலதனம் ஏறத்தாழ நாலரைக் கோடி டாலர். இரு நாட்டுப் பள்ளி ஆசிரியர்களையும் மாணவர்களையும் ஒருவர் நாட்டை மற்றவர் அறியச் செய்வது அதன் முதன்மைப் பணிகளில் ஒன்று. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? ஜப்பானில் நடக்கும் மோட்டார் படகுப் பந்தயச் சூதாட்டத்திலிருந்து வந்தது. கொடுத்தவர் சசகாவா ரியோய்ச்சி. போருக்குப் பின் போர்க்குற்றச் சந்தேகத்தின் பேரில் மூன்றாண்டு சிறையிலிருந்து, விசாரணையின்றி விடுவிக்கப்பட்டவர். இவருடைய அறக்கட்டளைதான் உலகெங்கும் தொழுநோய் ஒழிப்புக்கும் அள்ளிக் கொடுத்தது. 1995 முதல் ஐந்தாண்டுகள் தொழுநோய் மருந்து இலவசமாகக் கிடைத்ததும் அப்பணத்தால்தான்.

சூதாட்டப் பணத்தில் பிள்ளைகள் படிக்கலாமா? இக்கேள்வியை நாம் எழுப்பாவிடில் உங்களில் ஒருவர் எழுப்புவீர்கள். அஞ்சிரோ படித்த புனித பவுல் கல்லூரிக்கு வந்த வருமானத்தில் ஒரு பகுதி கோவாவில் இடிக்கப்பட்ட கோவில்களின் நிலத்திலிருந்து வந்தது என்பதையும் உடன் சொல்லிவிட வேண்டும். பிறருடைய கண்ணீர் கலந்த பணம் அது. குருமடத்தில் இதைப் படித்தபோது வரியைத் தாண்டிப் போய்விட்டோம். இம்முறை தாண்ட முடியவில்லை. நன்கொடையின் மூலம் தூய்மையாயிருக்க வேண்டும் என்றே நாம் கருதுகிறோம். அதே வேளையில், அதைப் பெற்ற மாணவன் மீது அப்பழியைச் சுமத்தமாட்டோம். கொடுத்தவன் கணக்கு கொடுத்தவனுடையது. ஆனால் எவருடைய பணத்தில் படிக்கிறோம் என்பதை மாணவன் அறிந்திருக்க வேண்டும். அறியாமல் நன்றி சொல்வதில் பொருளில்லை.

இனித் தந்தையின் கேள்வி. அங்கே ஏதாவது ஒன்று ஆகிவிட்டால்?

ஆனதுண்டு. அதை மறைத்துவிட்டு அவரிடம் கையெழுத்து வாங்க நமக்கு மனம் வரவில்லை. ஹத்தோரி யோஷிஹிரோ என்பவன் நகோயா நகரத்துச் சிறுவன், வயது 16. ஏ.எஃப்.எஸ். என்ற மாணவர் பரிமாற்ற நிறுவனத்தின் மூலம் 1992இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக்குப் படிக்கச் சென்றான். அந்நிறுவனத்தின் பிறப்பே போர்க்களத்தில்தான். முதல் உலகப் போரில் காயமுற்றோரைச் சுமந்த அமெரிக்க ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள் தொடங்கியது. இரண்டாம் போரில் பர்மா முனை வரை அவர்கள் வண்டி ஓட்டினர். இவ்வளவு பிணம் சுமந்தது போதும், அடுத்த தலைமுறை ஒருவரையொருவர் அறியட்டும் என்று 1947 முதல் பள்ளிப் பிள்ளைகளை நாடு விட்டு நாடு அனுப்பத் தொடங்கினர்.

1992 அக்டோபர் 17 இரவு, தான் தங்கியிருந்த வீட்டுப் பையனோடு ஒரு விருந்துக்குப் போனான் யோஷி. வீடு தவறிவிட்டது. வேறொரு வீட்டு மணியை அடித்தனர். அவ்வீட்டுக்காரர் துப்பாக்கியோடு வந்து ‘ஃப்ரீஸ்’ என்று கத்தினார். அசையாதே என்று பொருள். ‘விருந்துக்கு வந்தோம்’ என்று சொல்லிச் சிரித்த முகத்தோடு முன்னே நடந்தான் அப்பிள்ளை. ஒரே குண்டு. அந்தச் சொல் அவன் காதில் ‘ப்ளீஸ்’ என்று விழுந்திருக்கலாம் என்று அந்நாளில் பலர் பேசினர். சுட்டவரை மறு ஆண்டு நடுவர் குழு குற்றமற்றவர் என்று விடுவித்தது.

இதற்குப் பின் அப்பெற்றோர் செய்ததைத்தான் தந்தையிடம் சொல்ல விரும்பினோம். துப்பாக்கிகளுக்குக் கட்டுப்பாடு கோரி ஜப்பானில் 17 லட்சம் கையெழுத்துகளைத் திரட்டி 1993 நவம்பரில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கிளிண்டனிடம் நேரில் கொடுத்தனர். கோபத்தை அடக்கிக்கொண்டு வாளாவிருக்கவில்லை. அதே 1993இல் மகன் பெயரால் ஒரு நிதி அமைத்து, ஓர் அமெரிக்கப் பள்ளி மாணவரை ஜப்பானுக்கு அழைத்துப் படிக்கவைக்கும் ஏற்பாட்டையும் செய்தனர். தம் மகனைக் கொன்ற நாட்டின் பிள்ளை ஒன்று தம் நாட்டு வீட்டில் உண்டு உறங்கிப் படிக்கட்டும் என்றனர். அவர்கள் நம் சமயத்தார் அல்லர். நாமோ ஒவ்வொரு பூசையிலும் ‘எங்களுக்குத் தீமை செய்தவர்களை’ என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிறோம்.

அதன் மறுபக்கமாக ஒன்றும் நடந்திருக்கிறது. டெய்லர் ஆண்டர்சன் என்ற 24 வயது அமெரிக்கப் பெண், ஜப்பானிய அரசுத் திட்டத்தில் இஷினோமாக்கி நகரப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பித்துவந்தார். 2011 மார்ச் 11ஆம் நாள் பூகம்பம் வந்தபோது பிள்ளைகளைப் பாதுகாப்பாகச் சேர்த்துவிட்டு வீடு திரும்பும் வழியில் ஆழிப்பேரலையில் மாண்டார். 2004 டிசம்பர் 26இன் காலையைக் கண்ட காசிமேட்டாருக்கும் எண்ணூராருக்கும் இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. அவருடைய பெற்றோர் மகள் பெயரில் நிதி திரட்டி, அப்பகுதிப் பள்ளிகளுக்கு ஆங்கில நூல்கள் கொடுத்தனர். நூல் வைக்க அலமாரி வேண்டுமே. செய்துகொடுத்தவர் எண்டோ என்னும் தச்சர். டெய்லரிடம் பாடம் கற்ற அவருடைய மூன்று பிள்ளைகளும் அதே அலையில் போய்விட்டனர். அமெரிக்கத் தாய்தந்தையர் வாங்கிய புத்தகங்கள், ஜப்பானியத் தந்தை இழைத்த பலகையில் இருக்கின்றன. அந்த அலமாரியின் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த சனிக்கிழமை மூவரும் வந்தனர். இவற்றையெல்லாம் சொன்னோம். தந்தை இடையில் ஒன்றும் பேசவில்லை. முடிவில் ஒன்று மட்டும் கேட்டார். “அந்தப் பையனோட அப்பா, அதுக்கப்புறமும் மத்த புள்ளைங்கள அனுப்பச் சொன்னாரா ஃபாதர்?” சொன்னார் என்றோம். அவர் வெளியே போய் வாசலில் சிறிது நேரம் நின்றுவிட்டு வந்தார்.

பிறகு காரியத்தில் இறங்கினோம். இதே நிலையில் உள்ள பிற பெற்றோருக்கும் பயன்படும் என்பதால் கூறுகிறோம். தங்கப்போகும் குடும்பத்தின் பெயரும் முகவரியும் முன்கூட்டியே தரப்படுமா? அக்குடும்பத்தை எவரேனும் நேரில் போய்ப் பார்த்தார்களா? அங்கே பிள்ளைக்கு ஒரு மனத்தாங்கல் என்றால், அந்த வீட்டார் அல்லாத யாரிடம் சொல்லலாம்? மருத்துவக் காப்பீடு உண்டா? திரும்பி வந்தால் இங்கே எந்த வகுப்பில் சேர்வாள்? கடைசிக் கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பொதுத்தேர்வு ஆண்டில் அது பெருந்தொல்லை. ‘உதவித்தொகை உறுதி, முன்பணம் மட்டும் கட்டுங்கள்’ என்று கைபேசியில் பேசுபவர் யாராயினும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஜப்பானிய அரசின் உதவித்தொகைகள் 1954 முதல் வழங்கப்படுகின்றன. அவற்றைப் பற்றிச் சென்னையிலுள்ள ஜப்பானியத் துணைத்தூதரகத்தையே கேட்கலாம். 2007இல் தொடங்கிய ஜெனிசிஸ், 2014இல் தொடங்கிய சகுரா அறிவியல் திட்டம் ஆகியவை சில நாள் பயணங்கள். நம் பெண்ணின் விண்ணப்பம், ஆசியாவிலிருந்து ஆயிரம் பள்ளி மாணவர்களை ஐந்தாண்டுகளில் அழைக்கும் நோக்கத்தோடு 2018இல் ஜப்பானிய அரசு தொடங்கிய ‘ககேஹாஷி’ வழியில் வந்த நீண்டகாலத் திட்டம். ககேஹாஷி என்றால் பாலம்.

விண்ணப்பத்தில் ‘உன் ஊரைப் பற்றி எழுதுக’ என்று ஒரு பகுதி இருந்தது. பெண் தாஜ்மகாலைப் பற்றி எழுதிவைத்திருந்தாள்! “நீ அதைப் பார்த்ததுண்டா?” என்றோம். இல்லை. “கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் இடத்தைப் பார்த்ததுண்டா?” அங்கேதான் அவள் மாமன் வீடு. கழுத்தளவு நீரில் உட்கார்ந்து, பெண்கள் வெறுங்கையால் சேற்றைத் தடவி இறால் பிடிப்பதையும், அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து அந்தச் சேறு மாறிப்போனதையும், இப்போது எவ்வளவு நேரம் தடவினால் எத்தனை இறால் அகப்படும் என்பதையும் அவளே மடமடவென்று சொன்னாள். அதை எழுது என்றோம். முதல் தாளைக் கிழித்துவிட்டுத் தாழ்வாரத் தரையில் உட்கார்ந்து எழுதினாள். நாம் ஒரு வரியும் திருத்தவில்லை.

எங்கள் நற்சான்றை எழுதி முடித்தோம். தந்தை கையெழுத்திட்டார், அவசரச் சிகிச்சைக்கு ஒப்புதல் தரும் தாளில் மட்டும் பேனா சற்று நின்றது. பிறகு அதிலும் இட்டார்.

பாட்டிக்கு ஒரு சங்கடம் மிச்சமிருந்தது. “ஞாயித்துக்கிழம பூசை கெடைக்குமா சாமி?” நாகசாகியாக இருந்தால் எளிது; வேறு ஊராக இருந்தால் இரயிலில் நெடுந்தூரம் போகவேண்டி வரலாம் என்று உள்ளதைச் சொன்னோம். அந்நாட்டில் கத்தோலிக்கர் நூற்றுக்கு அரைப் பேர்கூட இல்லை. அதற்குமேல் அவரைத் தேற்ற ஒரு செய்தியும் சொன்னோம். சவேரியார் விதைத்த விசுவாசத்தை ஜப்பானிய அரசர்கள் வேரோடு பிடுங்க முயன்றனர். 1644இல் கடைசிக் குருவும் கொல்லப்பட்டார். மீனவரும் உழவருமான எளிய மக்கள் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் குரு இல்லாமல், பூசை இல்லாமல், தாங்களே ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டு ஒளிந்து வாழ்ந்தனர். 1865 மார்ச் 17ஆம் நாள், நாகசாகியில் புதிதாக எழும்பிய ஆலயத்தில் ஒரு பிரெஞ்சுக் குரு நின்றிருந்தபோது, ஊராக்காமியிலிருந்து சிலர் தயங்கித் தயங்கி வந்து, உங்கள் விசுவாசமே எங்கள் விசுவாசம் என்று தெரிவித்தனர். அந்தக் குரு, புதுச்சேரிக்கும் நம் பக்கத்துக்கும் குருக்களை அனுப்பிய அதே பாரீசு வேதபோதக சபையைச் சேர்ந்தவர்.

பாட்டி விரலை மடக்கி எண்ணிப் பார்ப்பது போலச் சிறிது நேரம் இருந்தார்.

“சாமியாரே இல்லாம எரநூறு வருசமா? அப்ப இவ பத்து மாசம் இருந்துடுவா, சாமி.”

உறையை ஒட்டி அனுப்பியாயிற்று. பதில் இன்னும் வரவில்லை.